கழற்றி மாட்டும் விஞ்சுத் தாங்கி: தோட்ட இழுவண்டிக்கு ஒரு நல்ல துணை

மலைத்தோட்டங்களில் பாரம் ஏற்றுதலும் இறக்குதலும் அன்றாடப் பணிகளாகும். சமவெளித் தோட்டங்களில் இருவர் செய்யக்கூடிய வேலைக்கு மலைச்சரிவில் ஐவர் தேவைப்படுகின்றனர். பளு ஒன்றேயாயினும், சரிவும் சேறும் சேர்ந்து அதனை இரு மடங்காகத் தோன்றச் செய்கின்றன. உடல் வலிமையை மட்டும் நம்பி இப்பணியைச் செய்யும்போது கால் வழுக்குவதும், விரல் நசுங்குவதும், முதுகெலும்பு பாதிக்கப்படுவதும் நேர்கின்றன. ஒரு சிறு விஞ்சும், அதனை இழுவண்டியில் உறுதியாகப் பொருத்துவதற்கு ஒரு தாங்கியும் இருப்பின், இத்துன்பங்களுள் பெரும்பாலானவற்றைத் தவிர்க்க இயலும். அத்தாங்கியை அமைக்கும் முறையையும், அதனைப் பயன்படுத்துவோர் மறவாது கடைப்பிடிக்க வேண்டிய விதிகளையும் இக்கட்டுரை விளக்குகிறது.

மலையும் கம்பிவடமும்

கேமரன் மலையில், பிரிஞ்சாங் பட்டணத்திற்கு வடக்கே, கடல் மட்டத்திலிருந்து 1,500 மீட்டருக்கும் மேற்பட்ட உயரத்தில் அமைந்துள்ளது கியா பார்ம். சாலையோரக் காய்கறிச் சந்தைகளும், படிக்கட்டுகளைப் போன்ற காய்கறிப் பாத்திகளும், அவற்றிற்கு அப்பால் சுங்கை பாலாஸ் தேயிலை மலைகளும் இப்பகுதிக்கு அழகூட்டுகின்றன. 1929-ஆம் ஆண்டில் போ தோட்டமும் 1933-ஆம் ஆண்டில் பாரத் தோட்டமும் தொடங்கப்பட்ட காலந்தொட்டு, இம்மலைகளில் தமிழ் மக்களின் உழைப்பு ஊன்றியிருக்கிறது. ஆண்டுக்கு 2,500 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்யும் இடம் இது. ஏப்ரல், மே மாதங்களிலும் அக்டோபர், நவம்பர் மாதங்களிலும் மழை மிகுதி. அக்காலங்களில் தோட்டத்து மண்பாதைகள் எந்நிலையை அடையும் என்பதை இங்கு வாழ்வோருக்கு விளக்க வேண்டியதில்லை.

மலைமேல் பாரம் ஏற்றக் கம்பிவடத்தை நாடுவது புதிய வழக்கமன்று. ஜெர்மனி நாட்டின் ஹார்ஸ் மலைச் சுரங்கங்களில், 1834-ஆம் ஆண்டில் வில்ஹெல்ம் ஆல்பர்ட் என்பார் இரும்புக் கம்பிகளை முறுக்கிக் கயிறாக்கிப் பயன்படுத்தினார். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், மூணாறு மலையின் தேயிலைப் பெட்டிகள் டாப் ஸ்டேஷனிலிருந்து தமிழகத்துக் கொட்டகுடிக்குக் கம்பிவடத்தின் வழியாகவே இறக்கப்பட்டன. நம் நாட்டில் பினாங்குக் கொடிமலை இரயில் 1923-ஆம் ஆண்டு முதல் வடத்தால் இழுக்கப்பட்டு வருகிறது. பழனி மலையில் 1966-ஆம் ஆண்டில் அமைக்கப்பட்ட இழுவை இரயிலை மக்கள் 'விஞ்சு' என்றே அழைக்கின்றனர். பழனி யாத்திரை சென்று வந்தவர்களுக்கு இச்சொல் புதிதன்று. உருளையில் கம்பிவடத்தைச் சுற்றிப் பாரத்தை இழுப்பதே அங்கும் இங்கும் நடைபெறும் செயல். அளவு மட்டுமே வேறு.

கழற்றும் வகை ஏன்?

விஞ்சை இழுவண்டியில் நிலையாகப் பற்றவைத்துவிட்டால் என்ன என்று சிலர் வினவக்கூடும். கழற்றி மாட்டும் வகையில் நான்கு நன்மைகள் உள்ளன. முதலாவது, ஒரே விஞ்சை இரண்டு மூன்று இழுவண்டிகளுக்கு மாற்றி மாற்றிப் பயன்படுத்தலாம். ஒவ்வோர் இழுவண்டியிலும் ஒரு குழல் மட்டும் பொருத்தப்பட்டிருந்தால் போதும். இரண்டாவது, மலைப்பனியும் மழையும் விஞ்சின் பற்சக்கரங்களையும் வடத்தையும் விரைவில் துருப்பிடிக்கச் செய்யும். வேலை முடிந்ததும் கழற்றிக் கொட்டகையில் வைத்தால் அதன் ஆயுள் நீடிக்கும். மூன்றாவது, நீண்ட பலகைகளையும் குழாய்களையும் ஏற்றும் நாட்களில் விஞ்சு இடையூறாக இராது. நான்காவது, திருட்டுக்கு இடமில்லை.

இத்தனை நன்மைகள் இருப்பினும், கழற்றும் பொருளில் ஆட்டம் உண்டு என்பதை மறத்தலாகாது. ஆகவே அமைப்பு முறையில் கூடுதல் கவனம் தேவை. விஞ்சின் விலையையும் பெயரையும் கண்டு நிறைவு கொள்வோர் பலர். ஆயினும், விஞ்சு எத்துணை வலிவுடையதாயினும், அது நிற்கும் இடம் வலிவற்றதாயின் பயனில்லை. தாங்கி பெயர்ந்து வந்தால், அதுவே பாய்ந்து வரும் இரும்புக் குண்டாகிவிடும்.

முதலில் கணக்கு, பிறகு இரும்பு

எவ்வளவு பாரத்தை இழுக்கப்போகிறோம் என்பதை அறியாமல் இரும்பை வெட்டுதல் கூடாது. இதற்குரிய கணக்கு எளிது. ஓர் எடுத்துக்காட்டைக் காண்போம்.

பழுதடைந்த சிறு இயந்திரம் ஒன்றின் எடை 600 கிலோ. இழுவண்டித் தளத்தின் உயரம் 60 சென்டிமீட்டர். ஏற்றுவதற்கு வைக்கும் சாய்பலகையின் நீளம் 240 சென்டிமீட்டர். உயரத்தை நீளத்தால் வகுத்தால் நான்கில் ஒன்று கிடைக்கிறது. எனவே பாரத்தின் நான்கில் ஒரு பங்கான 150 கிலோ இழுவை, பலகையின் சாய்வுக்காகவே தேவைப்படுகிறது. பலகையைப் பாதியாகக் குறைத்தால் இந்த இழுவை இரு மடங்காகும். நீண்ட பலகையே மலிவான உதவியாள் என்பது இதனால் விளங்கும்.

சமதரையில் கணக்கு இத்துடன் நின்றுவிடும். கேமரன் மலையிலோ, இழுவண்டியே ஏற்றப் பாதையில்தான் நிற்கும். ஆறு அடிக்கு ஓர் அடி உயரும் பாதையில் மேல்நோக்கி நின்றால், பாரத்தில் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கான 100 கிலோ கூடுகிறது. இயந்திரத்தின் சக்கரங்கள் சேற்றில் புதைந்திருப்பின், அந்தத் தடைக்காக நான்கில் ஒரு பங்கான 150 கிலோவைச் சேர்த்துக்கொள்ளுதல் பொருத்தம். ஆக மொத்தம் 400 கிலோ. வடம் திடீரெனக் குலுங்கி இழுபடும்போது இது மேலும் உயரும். ஆதலால் இரு மடங்காக்கி, 800 கிலோ இழுவையைத் தாங்கி தாங்க வேண்டுமெனக் கொள்வோம். இதற்கு 900 அல்லது 1,000 கிலோ இழுவை குறிக்கப்பட்ட கைவிஞ்சு ஏற்றது.

விஞ்சின் மேல் குறிக்கப்பட்டுள்ள இழுவை, உருளையில் வடத்தின் முதற் சுற்றடுக்குக்கு மட்டுமே உரியது என்பதையும் அறிதல் வேண்டும். வெற்று உருளையின் ஆரம் 3 சென்டிமீட்டராக இருந்து, வடம் அடுக்கடுக்காகச் சுற்றி அது 5 சென்டிமீட்டரானால், 900 கிலோ விஞ்சின் இழுவை 540 கிலோவாகக் குறைந்துவிடும். ஆகவே 10 மீட்டர் வடம் போதுமான இடத்தில் 30 மீட்டர் வடத்தைச் சுற்றி வைப்பது விஞ்சின் பலத்தை நாமே குறைத்துக்கொள்வதாகும்.

எந்த விஞ்சை வாங்குவது?

கைவிஞ்சில் இரு வகைகள் உண்டு. படகுகளை இழுவண்டியில் ஏற்றுவதற்கென விற்கப்படும் மலிவான விஞ்சில் பற்சக்கரப் பூட்டு மட்டும் இருக்கும். பாரத்தை இறக்குவதற்காகப் பூட்டை விடுவித்ததும், முழுப் பாரமும் கைப்பிடியில் வந்து நிற்கும். கைப்பிடி நழுவினால் அது காற்றாடிபோல் சுழன்று முன்கை எலும்பை முறித்துவிடும். மற்றொரு வகையில், கைப்பிடியை விட்ட கணமே தானாகப் பிடித்துக்கொள்ளும் பிரேக் உள்ளது. சற்று விலை கூடினும், மலைத்தோட்டத்திற்கு இரண்டாம் வகையே உகந்தது.

மின்கலத்தால் இயங்கும் விஞ்சும் கிடைக்கிறது. அது முழுப் பாரத்தை இழுக்கும்போது நூறு ஆம்பியருக்கும் மேற்பட்ட மின்சாரத்தை உறிஞ்சக்கூடும். அதற்குத் தடித்த மின்கம்பிகளும் நல்ல பேட்டரியும் உருகியும் வேண்டும். இழுவண்டி வேலைக்குப் பெரும்பாலும் கைவிஞ்சே போதுமானது.

தாங்கியின் அமைப்பு

தாங்கி இரண்டு பகுதிகளைக் கொண்டது. ஒன்று, இழுவண்டியில் நிலையாக இருக்கும் வெளிக்குழல். மற்றொன்று, விஞ்சுடன் கழன்று வரும் உட்குழல்.

வெளிக்குழலுக்கு 60 மில்லிமீட்டர் சதுர உருக்குக் குழலை எடுத்துக்கொள்ளலாம். அதன் கனம் 4 மில்லிமீட்டராயின், உள்ளளவு 52 மில்லிமீட்டராகும். அதனுள் 50 மில்லிமீட்டர் சதுரமும் 5 மில்லிமீட்டர் கனமும் உடைய உட்குழல் இலகுவாகச் சென்றுவரும். குழலின் உட்புறத்தில் நீளவாக்கில் காணப்படும் பற்றுத் தழும்பை முதலில் அரத்தால் தேய்த்துச் சமப்படுத்த வேண்டும்.

வெளிக்குழலின் நீளம் 30 சென்டிமீட்டருக்குக் குறையாதிருத்தல் வேண்டும். இழுவண்டியின் முன்புறத்தில், சரிநடுவில், ஏர்க்காலின் திசையில் இதனைக் கிடையாகப் பொருத்த வேண்டும். அதன் பின்முனை தளத்தின் முன் குறுக்குச் சட்டத்தில் பற்ற வேண்டும். முன்முனையைத் தாங்குவதற்கு, ஏர்க்காலின் இரு கைகளுக்கும் இடையே மேலும் ஒரு குறுக்குச் சட்டத்தை அமைத்தல் அவசியம். இரு முனைகளும் தாங்கப்படாத குழல், ஒரு முனையில் தொங்கும் பல்லைப் போன்றது. நாளடைவில் ஆடத் தொடங்கிவிடும்.

உட்குழலை முன்புறத்திலிருந்து பின்னோக்கிச் செலுத்தும்படி அமைப்பதே இத்திட்டத்தின் உயிர்நிலை. பாரம் பின்னாலிருந்து இழுக்கும்போது, உட்குழல் வெளியே வராமல் மேலும் உள்ளே அழுந்தும். உட்குழலின் மேல் 10 மில்லிமீட்டர் கனமும் 100 மில்லிமீட்டர் சதுரமும் உடைய தடுப்புத் தகடு ஒன்றைச் சுற்றிலும் பற்றவைத்தால், அது வெளிக்குழலின் வாயில் முட்டி நின்று இழுவையை அடிச்சட்டத்திற்குக் கொடுக்கும். 16 மில்லிமீட்டர் கடையாணி ஒன்றைக் குறுக்கே செருகி, சுருள்கிளிப்பால் பூட்ட வேண்டும். கடையாணியின் வேலை, தாங்கி தளர்ந்து கழன்றுவிடாமல் காப்பதே. முழு இழுவையையும் ஆணியின் தலையில் சுமத்தும் அமைப்பு நல்ல அமைப்பாகாது.

தடுப்புத் தகட்டிற்கு முன்னால் உட்குழலை ஏறத்தாழ 10 சென்டிமீட்டர் நீட்டி, அதன்மேல் குட்டையான தூண் ஒன்றை நிறுத்தி, அதன் உச்சியில் 10 மில்லிமீட்டர் தகட்டைப் பற்றவைத்து, விஞ்சைப் பொருத்த வேண்டும். தூணின் இரு பக்கங்களிலும் 6 மில்லிமீட்டர் முக்கோணத் தகடுகள் வேண்டும். விஞ்சைத் தயாரித்தவர் குறிப்பிட்ட பருமனில், 8.8 என்று தலையில் பொறிக்கப்பட்ட போல்ட்டுகளையும் தளராத நட்டுகளையும் பயன்படுத்துக. முன்பலகை இருக்குமாயின், வடம் உராயாமல் செல்ல அதில் வழிவிட வேண்டும்.

உயரம் கூடினால் ஆபத்தும் கூடும்

தூண் எவ்வளவு உயரம் இருக்கலாம்? இயன்றவரை தாழ்வாக இருத்தலே நன்று. வடம் குழலின் நடுக்கோட்டிற்கு 15 சென்டிமீட்டர் மேலே செல்வதாகக் கொள்வோம். 800 கிலோ இழுவையில், 30 சென்டிமீட்டர் நீளமுள்ள குழலின் இரு முனைகளிலும் தலைக்கு 400 கிலோ அழுத்தம் மேலும் கீழுமாகத் தோன்றும். இதனை மேற்கூறிய உருக்குக் குழல் எளிதில் தாங்கும். கைப்பிடி சுற்ற வசதியாக இருக்கட்டும் என்று தூணை 45 சென்டிமீட்டர் உயர்த்தினால், அதே அழுத்தம் 1,200 கிலோவாக உயரும். முதுகு வளையாமல் சுற்ற எண்ணிச் செய்த மாற்றம், பற்றவைத்த இடத்தையே பிளந்துவிடக்கூடும்.

பட்டறையில் கவனிக்க வேண்டியவை

இவ்வேலையைத் தேர்ந்த வெல்டரிடம் ஒப்படைத்தலே முறை. துத்தநாகம் பூசிய இரும்பைப் பற்றவைக்கும்போது எழும் புகை காய்ச்சலையும் மூச்சுத் திணறலையும் உண்டாக்கும். எனவே பூச்சைத் தேய்த்து நீக்கிய பின்னரே, காற்றோட்டமான இடத்தில் பற்றவைக்க வேண்டும். மின்வெல்டிங் தொடங்குமுன் இழுவண்டியை வாகனத்திலிருந்து பிரித்துவிடுக. வெளிக்குழலின் அடியில் 10 மில்லிமீட்டர் துளையொன்று இட்டால் மழைநீர் வடிந்துவிடும். வண்ணம் பூசிக் காய்ந்தபின் உட்குழலில் மெல்லிய கிரீஸ் தடவுக. விஞ்சு இல்லாத வேளைகளில் குழலின் வாயை மூடி வைத்தால் சேறு புகாது.

பொதுச் சாலையில் செல்லும் பதிவு பெற்ற இழுவண்டியாயின், அதன் அமைப்பில் மாற்றம் செய்யுமுன் சாலைப் போக்குவரத்து இலாகாவின் அனுமதி குறித்துக் கேட்டறிதல் வேண்டும். சாலையில் செல்லும்போது விஞ்சைக் கழற்றி வைப்பதும் நல்லது.

முதன்முறையாகச் சோதிக்கும்போது, சமதரையில், குறைந்த பாரத்துடன் தொடங்கிப் படிப்படியாகக் கூட்டுக. பற்றவைத்த இடங்களில் சுண்ணக்கட்டியால் கோடிட்டு வைத்தால், அசைவோ விரிசலோ இருப்பின் கோடு காட்டிக்கொடுக்கும்.

வடத்தின் நலம்

வடத்தின் அறுபடும் பலம், அது இழுக்கும் பாரத்தைப்போல் ஐந்து மடங்கேனும் இருத்தல் வேண்டும். 400 கிலோ இழுவைக்கு 2,000 கிலோ பலமுள்ள வடம் தேவை. வடத்தின் முனையில் கண்ணி போடும்போது யூ வடிவக் கிளிப்புகள் மூன்றேனும் இடுக. கிளிப்பின் தட்டையான அடிப்பாகம் பாரம் தாங்கும் வடத்தின் மீதும், யூ வளைவு வெட்டிய முனையின் மீதும் அமைய வேண்டும். மாற்றிப் போட்டால் பாரம் தாங்கும் வடமே நசுங்கிப் பலம் இழக்கும். கிளிப்புகளுக்கிடையே வடத்தின் பருமனைப்போல் ஆறு மடங்கு இடைவெளி விடுக. முதல் பாரம் இழுத்தபின் நட்டுகளை மீண்டும் இறுக்குக.

முறுக்கு உடைந்து மடிந்த வடத்தையும், துரு அரித்த வடத்தையும், கம்பிகள் அறுந்து முள்ளாக நிற்கும் வடத்தையும், பருமனில் பத்தில் ஒரு பங்கு தேய்ந்த வடத்தையும் ஒதுக்கிவிட வேண்டும். வடத்தை எவ்வளவு நீளம் வெளியே விட்டாலும், உருளையில் ஐந்து சுற்றுகள் எஞ்சியிருத்தல் வேண்டும்.

கைப்பிடி வைக்குமுன்

பின் பாரம் ஏறினால் வண்டியின் ஏர்க்கால் வானம் பார்க்கும் என்பதை மாட்டுவண்டிக் காலத்திலேயே நம்மவர்கள் அறிவர். இயந்திரம் சாய்பலகையில் ஏறும்போது இழுவண்டிக்கும் அதுவே நேர்கிறது. ஆகவே இழுவண்டியை வாகனத்தில் பூட்டி, வால்பகுதியின் அடியில் இரு பக்கங்களிலும் உறுதியான முட்டுகளைக் கொடுத்த பின்னரே விஞ்சைச் சுற்றத் தொடங்க வேண்டும்.

கேமரன் மலையில் இன்றும் ஓடும் பழைய லேண்ட் ரோவர்களை வைத்திருப்போர் இதில் தனிக் கவனம் கொள்ளுதல் வேண்டும். அவ்வாகனத்தின் கைபிரேக் சக்கரங்களை நேராகப் பிடிப்பதில்லை. பின்சக்கரங்களுக்குச் செல்லும் சுழல்தண்டையே பிடிக்கிறது. பின்சக்கரம் ஒன்று நிலத்தைவிட்டு எழும்பினாலோ சேற்றில் வழுக்கினாலோ, அச்சக்கரம் ஒரு பக்கம் சுழல, மற்றொன்று எதிர்ப்பக்கம் சுழன்று, கைபிரேக் போட்டிருந்தும் வாகனம் உருளத் தொடங்கும். ஏர்க்கால் மேலே தூக்கும்போது இதுவே நிகழக்கூடும். எனவே வாகனத்தின் சக்கரங்களுக்கும் இழுவண்டியின் சக்கரங்களுக்கும் முட்டுக்கட்டை இடாமல் கைப்பிடியைத் தொடுதல் கூடாது.

வேலை நடைபெறும்போது பின்வருவனவற்றைக் கடைப்பிடிக்க வேண்டும்:

1. வடத்தின் நேர்க்கோட்டிலோ, பாரத்திற்குக் கீழ்ச்சரிவிலோ எவரும் நிற்றலாகாது. அறுந்த வடம் சாட்டையைப்போல் வீசும்.

2. வடத்தின் நடுவில் நனைந்த சாக்கு ஒன்றைப் போட்டு வைத்தால், அறுந்தாலும் வீச்சின் வேகம் குறையும்.

3. ஓடும் வடத்தைக் கையால் வழிநடத்தக் கூடாது. வடத்தைத் தொட நேரும்போது தோல் கையுறை அணிக.

4. பாரம் நேர் பின்னால் இருக்கட்டும். பக்கவாட்டில் இழுத்தால் வடம் உருளையின் ஒரு மூலையில் குவிந்து சிக்கும்.

5. கட்டளையிடுபவர் ஒருவரே இருத்தல் வேண்டும். இக்காலத் தோட்டங்களில் பல நாட்டுத் தொழிலாளர்கள் சேர்ந்து உழைக்கின்றனர். 'நிறுத்து' என்னும் சொல் எல்லாருக்கும் விளங்காது. கைச்சைகைகளை வேலைக்கு முன்பே பேசி வைத்துக்கொள்வது உயிரைக் காக்கும்.

6. ஏற்றி முடித்ததும் பாரத்தைச் சங்கிலியாலோ கட்டுவாராலோ நான்கு மூலைகளிலும் கட்டுக. விஞ்சு இழுப்பதற்கே உரியது. பயணத்தில் பாரத்தைக் கட்டி வைப்பதற்கன்று.

7. இவ்விஞ்சால் ஆட்களை ஏற்றுவதோ, பள்ளத்தில் வீழ்ந்த லோரியை மீட்பதோ கூடவே கூடாது.

சட்டம் தரும் காப்பு

2024-ஆம் ஆண்டு ஜூன் முதல் தேதியன்று, 1967-ஆம் ஆண்டின் தொழிற்சாலை, இயந்திரச் சட்டம் நீக்கப்பட்டது. அதே நாளில், 1994-ஆம் ஆண்டின் வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டத்தின் திருத்தங்கள் நடைமுறைக்கு வந்தன. வேலையில் உள்ள ஆபத்துகளை முன்கூட்டியே மதிப்பிடுவது அத்திருத்தங்களின்படி முதலாளியின் கடமையாகும். உடனடி ஆபத்து இருப்பதாக நியாயமாக நம்பும் தொழிலாளி, அதனை முதலாளிக்குத் தெரிவித்தும் நடவடிக்கை எடுக்கப்படாவிடில், அவ்விடத்தை விட்டு விலகிக்கொள்ளும் உரிமையும் வழங்கப்பட்டுள்ளது. ஆடுகின்ற தாங்கியையும் அறுந்த கம்பி நீட்டிய வடத்தையும் கண்டவுடன் மேற்பார்வையாளரிடம் கூறுவது, குறை சொல்வதாகாது. அது தொழிலாளியின் கடமை. அதனைக் கேட்டு வேலையை நிறுத்துவது நிர்வாகத்தின் கடமை.

ஒரு குழல், ஒரு தகடு, ஒரு கடையாணி. இத்தாங்கிக்கு வேண்டிய பொருள்கள் இவ்வளவே. இவற்றைப் பட்டறையில் ஓரிரு நாட்களில் செய்து முடிக்கலாம். சேற்றில் ஐவர் தோள் கொடுத்துத் தள்ளிய பாரத்தை ஒருவர் நின்று சுற்ற, மற்றவர் எட்டி நின்று காவல் காக்கலாம். தோட்டத்துப் பட்டறைகளும் சிறு விவசாயிகளும் அளவறிந்து இதனைச் செய்து, விதியறிந்து பயன்படுத்துவார்களாயின், மழைக்காலத்தில் நேரும் விபத்துகள் பலவற்றைத் தவிர்க்கலாம்.